‘ஹ’ வரிசைப் பாட்டு

என் வீட்டுக்காரி ஜப்பானுக்குப் போக வேண்டுமென்றால் பாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கு நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் ஒரு பாட்டை முழுசாகப் பாடி நான் கேட்டதில்லை. சரி, இத்தோடு இந்தப் பேச்சு முடிந்தது, இங்கேயேதான் இருக்கப்போகிறாள் என்று நினைத்தேன். நினைத்தது கேவலம்தான். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்தக் கதைக்கு அர்த்தமே கிடையாது.

நாங்கள் இருப்பது பர்மாவில், பசுந்தாங் பேட்டையில், ஆறாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. பத்திரிகையோ காலைச் சாப்பாட்டுக்கு மொஹிங்கா நூடுல்ஸோ, எதுவானாலும் பால்கனியிலிருந்து கயிறு விட்டு மேலே இழுத்துக்கொள்வோம். ஆளுக்குத்தான் கயிறு இல்லை, ஏறித்தான் ஆக வேண்டும். என் கொள்ளுத்தாத்தா இந்த ஊர்த் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். நான் தூக்குவதெல்லாம் ரிமோட்தான். லான்மடாவில் ஒரு கரோக்கே கடையில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை, வருகிறவர்கள் கேட்கும் பாட்டைத் தேடிப் போட்டுக் கொடுப்பது என் வேலை. மைக் மக்கர் பண்ணினால் தட்டுவது, ஸ்பீக்கர் வீறிட்டால் குறைப்பது, கர்ண கொடூரமாகப் பாடுகிறவர் முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது, எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம்.

அவளுடைய அப்பா தமிழர், இப்போது இல்லை. அம்மா பர்மியப் பெண், மாவ்பி சந்தையில் கீரை விற்கிறார். அதனால் அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பாள். அவசரம் என்றால் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவாள். பர்மியப் பெண்கள் கணவனைக் கூப்பிடுவதுபோல என்னை ‘கோ கோ’ என்பாள். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, அவர்கள் திட்டுவதையும் வாங்கிக்கொண்டு வருவாள். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இந்த ஊரில் இப்போது கைகால் திடமாக இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு மொழி படித்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவுக்கு இரண்டு வகுப்பு. நாட்டைவிட்டு வெளியே போகிற கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாததால் திறந்திருக்கும்போதே நுழைந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அவளும் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தாள். பரீட்சை எழுதினாள், தேறினாள். பனி பெய்கிற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பிக்கட்டுமா என்று ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எடுத்துவிட்டால் ஐந்து வருஷம். கூட யாரும் போக முடியாது. நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் ‘உன் இஷ்டம்’ என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு இஷ்டமில்லை என்றுதான் அர்த்தம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் விண்ணப்பித்தாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் மிச்சம் நானும் அந்தக் கயிறும்தான். எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். சோற்றில் உப்பு இல்லை, சட்டையில் பொத்தான் இல்லை, இப்படி.

பிறகுதான் பாட்டு விஷயம் வந்தது. வகுப்பு எடுக்கிற பர்மிய அம்மாவை எல்லோரும் சயாமா, அதாவது டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த இல்லத்திலிருந்து வந்த கடிதத்தை அவர் படித்துச் சொன்னாராம். அங்கே தினமும் மதியம் பாட்டு நேரம். தன் பெயர், ஊர், பெற்ற பிள்ளையின் முகம் எல்லாம் மறந்துபோனவர்களுக்குக்கூட இளவயதில் கேட்ட பாட்டு மறப்பதில்லை. ஆனால் எந்தப் பாட்டு என்று சொல்ல வராது. முதல் எழுத்து மட்டும் வாயில் வரும். ‘அ’ என்பார்கள், அதோடு நின்றுவிடும். பார்த்துக்கொள்கிறவர்தான் பாட்டுப் புத்தகத்தில் அந்த எழுத்தில் தொடங்குகிற பாட்டுகளைப் பார்த்து, எது என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் வீடியோ வழியாக அங்குள்ள ஒரு பாட்டியம்மா ஒரு எழுத்து சொல்வார். அதற்கு விண்ணப்பித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நான்கு பேர் போட்டி, இரண்டு பேருக்கு இடம்.

அவள் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் கடையில் ஜப்பானியப் பாட்டுப் புத்தகம் இருக்கிறதே, எடுத்து வர முடியுமா என்று கேட்டாள்.

இருந்தது. ஒரு காலத்தில் ஜப்பானியக் கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தபோது வாங்கியது, செங்கல் கனம். அவர்கள் வருவது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. புத்தகத்தை நாங்கள் ஸ்பீக்கருக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தோம். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் புத்தகத்தின் போக்கு தெரியும். ஓரத்தில் பத்து இடத்தில் விரல் வைக்க வெட்டியிருக்கும். முதல் வெட்டில் அ, அடுத்ததில் க, பிறகு ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. கோயில் வகுப்பில் உட்கார்ந்து தமிழ் எழுதப் படித்தவன் நான். முதன்முதலில் அந்த வரிசையை ஒருவர் எனக்குப் படித்துக் காட்டியபோது, நம்ம ஆள் யாரோ முன்னாடியே போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தமாதிரி இருந்தது. அந்தக் கம்பெனிக்காரர்கள் ‘க’ என்றால் போதும், சரியான பக்கத்தை விரித்து நீட்டிவிடுவேன். ஆச்சரியப்பட்டுப்போவார்கள்.

முட்டுக்கு வேறு கட்டையை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாடி ஏறினேன். ஏன் எடுத்து வந்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. போகக் கூடாது என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொள்கிறது, என் பெண்டாட்டி பாட்டில் தோற்றாள் என்று வரக் கூடாது என்று இன்னொரு பக்கம் மீசை துடிக்கிறது. மீசைதான் ஜெயித்தது.

நான் யார் என்று சொல்லாவிட்டால் இது புரியாது. எங்கள் கோயில் மண்டபத்தில் பொங்கலுக்குப் பொங்கல் பாட்டுக்குப் பாட்டு நடக்கும். ஒருவர் பாடி முடிக்கிற எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் தொடங்காவிட்டால் போச்சு. அதில் என்னை ஜெயித்தவன் இல்லை. எதிராளி முடிக்கிற எழுத்தைத் தொண்டையிலிருந்தே பிடுங்கிவிடுவேன். வாங்கிய பரிசில் எவர்சில்வர் வாளியே மூன்று இருக்கிறது. வீட்டிலும் யாராவது ஒரு வரி முணுமுணுத்தால் போதும், என்னால் சும்மா இருக்க முடியாது, கூடச் சேர்ந்து, முந்திப் போய், முடித்தும் வைத்துவிடுவேன். அதைப் பெரிய திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திறமையை அப்படியே அவளுக்கு இறக்கினேன். பழைய காலண்டர் தாள்களைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஜப்பானிய எழுத்தை அவளை எழுத வைத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். காலையில் ஒரு மணி நேரம், நான் வேலைக்குக் கிளம்புமுன். நான் ஒரு சீட்டை எடுத்து நீட்டுவேன். அவள் அந்த எழுத்தில் ஒரு பாட்டைத் தொடங்க வேண்டும். நான் டப்பா மூடியில் கரண்டியால் தட்டி ஐந்து எண்ணுவேன். ஐந்தாவது தட்டுக்கு மேல் போனால் காபி கிடையாது. ‘அ’வுக்கும் ‘க’வுக்கும் பாட்டு மலைபோலக் கிடக்கிறது, ‘ர’ வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றும்தான், அதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொள் என்று போட்டி ரகசியமெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மின்சாரம் இருக்கிற நேரத்தில் போனில் பாட்டைக் கேட்போம், இல்லாத நேரத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டுப் படிப்பாள். ஒரு மாதத்தில் எதிர் வீட்டு பால்கனியில் துணி காயப்போடுகிற பெண்மணிகூட ஜப்பானியப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் குரல் சின்னது. ஆனால் நேராக இருக்கும், ஆடாது. அதை நான் அப்போதுதான் கண்டுபிடித்தேன் என்பது வெட்கக்கேடு. ஒரு பாட்டு, ஆற்றில் படகுக்காகக் காத்திருக்கிற யாரோ ஒருவரைப் பற்றியது என்று அர்த்தம் சொன்னாள். அதை அவள் இரண்டு வரி பாடினதும் நான் மெட்டைப் பிடித்துக்கொண்டு வார்த்தையில்லாமல் ‘லாலா’ போட்டு மூன்றாவது வரிக்குப் போய்விட்டேன். அவள் நிறுத்திவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள். நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

தேர்வு நாள் நெருங்கியபோது வகுப்பில் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. சயாமாவுக்கு என் வேலை தெரியும். காலையில் கடை திறக்குமுன் உங்கள் கரோக்கே அறையைத் தர முடியுமா, பெரிய திரை இருக்கிறது, மைக் இருக்கிறது, மின்சாரம் போனாலும் கவலையில்லை என்று கேட்டார். முதலாளியம்மா நல்ல மனுஷி, சரி என்றுவிட்டார். அப்படித்தான் என் பெண்டாட்டியின் தேர்வு நான் வேலை செய்கிற அறையிலேயே நடந்தது. நான் மெஷினுக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தேன். பாடுகிறவர் புத்தகத்தைப் பார்த்து நம்பர் சொன்னால் நான் மெட்டைப் போட வேண்டும். மற்றபடி வாயைத் திறக்கக் கூடாது என்று சயாமா என்னைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். என்னைப் பற்றி அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

திரையில் இல்லத்து மேலாளர் அம்மா, பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியம்மா. தலை முழுக்க வெள்ளை, மடியில் கம்பளி. முதலில் வழக்கமான கேள்விகள். பிறகு மேலாளர் குனிந்து காதில் ஏதோ சொல்ல, பாட்டியம்மா ஒரு எழுத்து சொல்வார். எல்லோருக்கும் ஒவ்வொரு எழுத்து. முதலில் போன பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். எழுத்து வந்ததுதான் தாமதம், நம்பர் சொல்லி எழுந்து நின்று ஒரு முழுப் பாட்டையும் அசைந்தாடிப் பாடினாள். அசல் கச்சேரி. நானே கை தட்டப் போய்ச் சயாமாவின் பார்வையில் அடங்கினேன். பாட்டியம்மா பேசாமல் கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பெண்ணும் நன்றாகத்தான் பாடினாள்.

மூன்றாவது என் வீட்டுக்காரி. பச்சை லொஞ்சி கட்டி, கன்னத்தில் வழக்கமான தனாக்காப் பூச்சு தடவாமல் மொழுமொழுவென்று முகம் கழுவி வந்திருந்தாள். கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் மேலாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு பாட்டியம்மாவின் முறை. அவர் வெகுநேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஹ’ என்றார்.

‘ஹ’ வரிசையை நாங்கள் கரைத்துக் குடித்திருந்தோம். காலண்டர் தாளில் அந்தச் சீட்டு வந்தாலே அவள் இரண்டாவது தட்டுக்குள் தொடங்கிவிடுவாள். அந்தப் படகுப் பாட்டு அதில்தான் இருக்கிறது, அதன் நம்பர் எனக்கு மனப்பாடம். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் வாயைத் திறக்கவில்லை. ஐந்து தாண்டி எட்டு, ஒன்பது. புத்தகம் அவள் மடியில் மூடியே இருந்தது. பத்து, பதினொன்று. சயாமா நாற்காலியில் நெளிந்தார்.

பயத்தில் மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். என் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் இருந்தது. நான்கு எண்ணை அழுத்தினால் போதும். மெட்டு தொடங்கிவிடும், முதல் சுரத்தைக் கேட்டதும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும், அவள் ஏதோ சைகை காட்டித்தான் நான் போட்டேன் என்று திரையில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் கரண்டியால் தட்டித் தட்டி நான் தயார் பண்ணின பெண். அழுத்தினால் ஜெயிப்பாள். ஜெயித்தால் போய்விடுவாள்.

நான் ரிமோட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

தோற்கட்டும் என்றுதான் வைத்தேன். வேறு எந்த நல்ல எண்ணமும் அப்போது எனக்கு இல்லை. வீட்டுக்குப் போய் அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது, போகிற வழியில் அவளுக்குப் பிடித்த வறுத்த டோஃபு வாங்கிக்கொண்டு போகலாமா என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அப்போது பாட்டியம்மா மறுபடியும் ‘ஹ’ என்றார். கொஞ்சம் பொறுத்து, அதோடு இன்னொரு எழுத்தையும் சேர்த்தார். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி திரையை நோக்கிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். பாட்டியம்மா ஒரு வார்த்தை பாடினார். பிறகு ஒரு வரி. படகுப் பாட்டு இல்லை, நான் கேட்டே இராத ஏதோ ஒரு பாட்டு, எங்கள் புத்தகத்திலேயே இல்லாததாகக்கூட இருக்கலாம். இவள் வார்த்தை இல்லாமல், காற்றளவுக்கு, ஒரு அடி பின்னால் முனகிக்கொண்டே போனாள். மூன்று வரி போயிற்று. நாலாவதில் பாட்டியம்மா நின்றுவிட்டார், கண் அலைந்தது. இவளுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்ததா, மெட்டை வைத்து ஊகித்தாளா, தெரியாது. ஒரே ஒரு எழுத்தை மட்டும் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். பாட்டியம்மா அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விட்டார். மேலாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வு முடிந்து நாங்கள் இரண்டு பேரும் முனையிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் இரண்டு டீ சொன்னேன். டீ வந்ததும், அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம் முன்பு. தண்ணீர் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும், இவள் முந்திச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். சயாமா கேட்டதற்கும் அதைத்தான் சொன்னாளாம். என்னையும் அந்தப் பதிலோடு விட்டிருக்கலாம். விடவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

“வீட்ல நான் ஒரு பாட்டு ஆரம்பிச்சா, ரெண்டாவது வார்த்தைக்கு நீங்க வந்துருவீங்க, கோ கோ. எனக்கும் அந்தப் பாட்டு தெரியும்னு உங்களுக்குத் தோணுறதே இல்ல. அந்த அம்மாக்கும் தெரியும்னு எனக்குத் தோணுச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. பதினோரு வருஷம் ஒருத்தி பாடாமல் இருந்ததற்கு அவளுக்குப் பாட வராது என்று காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தவன் நான். அந்தப் படகுப் பாட்டின் மூன்றாவது வரியில் அவள் நிறுத்தியது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை நீங்கள் பாட்டைப் போடவில்லை, போட்டிருந்தால் அந்த அம்மா வாயை மூடிக்கொண்டிருப்பார், உங்களுக்குப் புரிந்துவிட்டது பாருங்கள் என்றாள். ரிமோட்டைக் கவிழ்த்து வைத்ததை ஓரக்கண்ணால் பார்த்தாளாம். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்ததாம், இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம் என்று.

நான் ‘ம்’ என்றேன்.

ஒரு வாரத்தில் சயாமாவிடமிருந்து போன் வந்தது. அவளும் நான்காவதாகப் போன பெண்ணும் தேர்வாகிவிட்டார்கள். மாவ்பியிலிருந்து அவள் அம்மா ஒரு சாக்கு நிறையக் காய்கறி கொண்டுவந்து கீழேயிருந்து குரல் கொடுக்க, நான் கயிறு விட்டு மூன்று தவணையாக இழுத்தேன். வகுப்பில் என் புகழ் பரவிவிட்டது. வாய் ஓயாத அந்த மனுஷன் பெண்டாட்டிக்காக வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், புருஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று சயாமா மற்ற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். கடைக்கு வந்து என்னிடமே சொன்னார். முதலாளியம்மாவும் தோளில் தட்டினார். நான் செய்யாத நல்ல காரியத்துக்கு அத்தனை பேர் பாராட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏஜென்சியில் கொடுத்த தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் சந்தை வழியாகத் திரும்பி வந்தோம். கணவன் சம்மதிக்கிறான் என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஒரு பை, நான் ஒரு பை. நாலாவது மாடியில் எப்போதும் மூச்சு வாங்க நிற்போம். அங்கே அவள் படியில் உட்கார்ந்து, தாள் கசங்காமல் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தாள். இது உங்களால்தான் கிடைத்தது என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். நான் எதையும் புரிந்துகொண்டு வைக்கவில்லை, நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன், நீ தோற்க வேண்டும் என்றுதான் ரிமோட்டைக் கவிழ்த்தேன் என்று, நின்ற நிலையில், கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கும், சிரிப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. தெரிந்திருக்கவில்லை. முகம் வாடிப்போனது. மேல் மாடியிலிருந்து ஒருவர் தண்ணீர்க் கேனோடு இறங்கி வர, இரண்டு பேரும் பையை நகர்த்தி வழிவிட்டோம். அவர் காலடி கீழே போய் அடங்கியது.

“நான் தோக்கணும்னு உக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

“நான் போனா என்ன ஆகும்னு பயமா?”

“ஆமா.”

தாளை நான்காக மடித்தாள், பிறகு பிரித்தாள். நான் அவளிடம் பயம் என்ற வார்த்தையை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“இத்தன மாசமா நீங்க வேணாம்னும் சொல்லல, போன்னும் சொல்லல. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஜப்பான்காரங்க சொல்லிட்டாங்க. நீங்க சொல்லல. இப்பக் கேக்கறேன், கோ கோ. நான் போகட்டுமா?”

வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. வந்ததை விழுங்கினேன். அப்புறம் என்னென்னவோ வந்தது, ஒன்றும் வார்த்தையாகவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை, பரவாயில்லை விடுங்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் விடவில்லை, எனக்குப் பதிலாக அவளே ஒரு பதிலை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கீழே தெருவில் பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டு போனான். நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

“போயிட்டு வா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தரம் சொன்னேன். “போயிட்டு வா.”

பரீட்சை எழுதியபோதும், தேர்வான செய்தி வந்தபோதும், அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றபோதும் அழாதவள், அந்தப் படியில் உட்கார்ந்து என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கிறவரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.